சீக்காளி வரிசை

ஒரு போஞ்சி இனம் நோயைத் தாங்குமா என்று அறிய வேண்டுமானால் முதலில் நோயைக் கூப்பிட வேண்டும். சும்மா கூப்பிட்டால் வராது, விருந்து வைக்க வேண்டும். ஆகவே சோதிக்கிற செடிகளுக்கு இரண்டு பக்கமும், நோயைக் கண்டதும் விழுந்துவிடுகிற பழைய இனமொன்றை வரிசையாக நடுவோம். துரு நோய் முதலில் அந்த வரிசையில்தான் ஏறும். இலையெல்லாம் செங்கல் பொடி தூவியது போலாகும். அங்கிருந்து காற்றில் நடு வரிசைக்குப் போகும். நடு வரிசை தாங்கினால் நல்லது. தாங்காவிட்டால் வருடக்கணக்கான வேலையைப் பிடுங்கி எருக்குழியில் போட வேண்டியதுதான். எது நடந்தாலும் ஓரத்து வரிசைக்கு மீட்சி இல்லை. அதற்கு மருந்து அடிக்கக் கூடாது, பழுத்த இலையைக் கிள்ளக் கூடாது, பாவம் பார்க்கக் கூடாது.

என் உத்தியோக காலம் முழுவதும் நான் செய்தது இதுதான். படிப்பை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தேன். நகரத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அறுபது வயதில் ஓய்வு பெறும்வரை இந்தப் போஞ்சியை, பீன்ஸ் என்றும் சொல்வார்களே, அதை விட்டு அசையவில்லை. நண்பர்கள் நெல்லுக்குப் போனார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள், அமைச்சுக்குப் போனார்கள். எனக்குக் குரங்குப்பிடி. பிடித்தால் விடமாட்டேன்.

போஞ்சியை இனங்கலப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்று காலையிலேயே பிடிக்க வேண்டும். உள்ளே ஓர் இதழ் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும். அதற்குள் ஆணும் பெண்ணும் ஒன்றாக ஒளிந்திருக்கும். இடுக்கியால் சுருளைப் பிரித்து, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, மொட்டை மூடி நூல் கட்டிவிட வேண்டும். பாதிக்கு மேல் அடுத்த நாளே உதிர்ந்துவிடும். போஞ்சிக்கு இந்தச் சம்பந்தம் பேசுகிற வேலையே பிடிப்பதில்லை. தன் பூவுக்குள் தானே காய்த்துக்கொள்ளும் சாதி அது, இன்னொருவர் தேவையில்லை. “அப்ப உன்ர சாதிதான்” என்று கனடாவிலிருந்து என் தங்கை சிரிப்பாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன். தொலைபேசியை வைத்தபின் சிரிப்பு நிற்கும்.

கடைசிக் காலத்தில் என் கையில் இருந்தது ஒரே ஒரு கொடிப் போஞ்சி. அதன் தாய் நாரில்லாத நல்ல காய், சந்தையில் எடுபடும், ஆனால் துருவைக் கண்டால் படுத்துவிடும். தகப்பன் துருவுக்கு அசையாது, ஆனால் அதன் காயை மாடுகூட யோசித்துத்தான் தின்னும். பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை தாயின் நோயையும் தகப்பனின் நாரையும் எடுத்துக்கொண்டு பிறந்தன. கழித்துக் கழித்து, மறுபடி தாயோடு கலந்து, மறுபடி கழித்து, தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்ததில் ஒன்று மிஞ்சியது. காய் நீளம், உடைத்தால் ‘டக்’ என்று முறியும், கொடிக்குக் காய்ப்பும் கூடுதல். நிலையத்துத் தோட்டத்தில் துருவைத் தாங்கியது. ஆனால் நிலையத்தில் தாங்குவது பெரிய காரியமல்ல. மூடுபனியும் குளிரும் உள்ள இடத்தில், துரு உண்மையாகவே வெறியாட்டம் ஆடுகிற இடத்தில் தாங்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறினால்தான் அது விவசாயிகளின் கைக்குப் போகும்.

நான் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே ஒரு சிங்களத் தம்பதி, நல்ல மனிதர்கள். மாலையில் நிலையத்திலிருந்து கொண்டுவந்த காய்களை வகை வகையாக அவித்து, தனித்தனிக் கோப்பையில் வைத்து, உப்பில்லாமல் ருசி பார்ப்பேன். அதுதான் பல நாள் இரவுச் சாப்பாடு. வேலையிடத்தில் மத்தியானம் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். என் சிங்களம் நன்றாகவே ஓடும். ஆனாலும் நான் கதிரையை இழுத்ததும், ஓடிக்கொண்டிருந்த பகிடி மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறும். மாறினால் அது பகிடியாக இராது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரியாதை என்னை அந்த மேசையில் தனியாக உட்காரவைத்தது. நாள் முழுக்க வாயில் தமிழே வராமல் படுக்கைக்குப் போன நாட்கள் ஏராளம். அதனால் கொடிகளோடு கதைக்கப் பழகினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவை திருப்பிக் கதைத்தால்தான் பிரச்சினை.

சோதனைக்கு ஹுன்னஸ்கிரியப் பக்கம் இடம் பார்த்தேன். தேயிலைக்கு மேலே, பாதையோரச் சரிவில், ஒரு பெண் மரக்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், அதை விட்டுவிட்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தாள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் காட்டுவார். மகளைக் கலகெதரவில் கட்டிக்கொடுத்தாயிற்று. சரிவில் அவளுடைய தகர வீடும் நாயும் மட்டும்.

பாதையை ஒட்டியிருந்த நிலத் துண்டில் என் கொடியை நடுவிலும், நோய் வாங்குகிற பழைய இனத்தை இரண்டு ஓரத்திலும் நடச் சொன்னேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“இது என்னா கூத்து மிஸ்? சீக்கு வர்றதுக்குன்னே வரிசையா?”

“ஓம் பிள்ளை. அதுக்கு வருத்தம் வந்தாத்தான் நடுவில நிக்கிறது நல்ல சாமானோ எண்டு தெரியும்.”

“அதுக்கு ஒண்ணுமே அடிக்கக் கூடாதா?”

“ஒண்டும் கூடாது. தண்ணியும் பசளையும் மட்டும்.”

“பாவம்” என்றாள். அன்றிலிருந்து அந்த ஓரத்துக் கொடிகளுக்கு அவள் வைத்த பெயர் சீக்காளி வரிசை. எங்கள் அறிக்கைகளில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. அவள் பெயர் வைத்த பிறகு அந்த ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை.

நிலையத்து ஜீப்பில் சில வாரங்களுக்கு ஒரு முறை போவேன். பல்லேகல தாண்டி, தெல்தெனிய தாண்டி, வளைந்து வளைந்து ஏறும்போதே காற்று மாறிவிடும். அவள் பாலில்லாத சாயத்தண்ணியும், கடித்துக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தருவாள். “வாங்க மிஸ், மொதல்ல குடிங்க, கொடி எங்கயும் ஓடிறாது” என்பாள். அவளுடைய தமிழ் வேறு, என் தமிழ் வேறு. நான் ‘ஓம்’ என்றால் அவள் சிரிப்பாள், அவள் ‘ஆமாங்க’ என்றால் எனக்குச் சினிமா பார்ப்பது போலிருக்கும். ஆனாலும் அது தமிழ். சாயத்தண்ணி ஆறும்வரை கதைப்போம். திரும்பும்போது தெல்தெனிய வரும்வரை மனம் லேசாக இருக்கும்.

சீக்காளி வரிசையில் துரு நன்றாகவே பிடித்தது. பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்து, “என்ன, ஒன் போஞ்சி இப்புடிக் கெடக்கு?” என்று கேட்கத் தொடங்கினார்களாம். மலைச் சரிவில் ஒருத்தியின் பயிரைப் பார்த்துத்தான் அவளுடைய சுறுசுறுப்பை அளப்பார்கள். வெங்காயத்தாளுக்கு நடுவில் ஒரு புல் நின்றாலும் வெட்கம் என்று நினைக்கிறவள் அவள். அவள் தந்திரமாகப் பதில் சொல்லியிருக்கிறாள்: “அது திருஷ்டிக்கு வச்சது. நடுவுல இருக்கிறது வெளிநாட்டு வெதை.” சனம் நம்பிவிட்டது. கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். யோசித்தால் அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

அந்தப் போகத்தோடு எனக்கு அறுபது வயது முடிகிறது. ஓய்வுக் கடிதம் வந்துவிட்டது. இந்தச் சோதனை ஒன்றுதான் மிச்சம். இது தேறினால் என் கொடி வெளியே போகும், நான் எங்கே போனாலும் பரவாயில்லை. தேறாவிட்டால் அதுவும் ஒரு விடைதான், தாங்கிக்கொள்வேன். விடையே இல்லாமல் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

காய் முற்றும் தறுவாயில் ஜீப்பை விட்டு இறங்கியதும் திடுக்கிட்டேன். சீக்காளி வரிசை பச்சைப் பசேலென்று நின்றது. அடியில் பழைய துரு இலைகள் காய்ந்து தொங்கின. மேலே வந்த தளிர்களெல்லாம் கழுவித் துடைத்தது போலிருந்தன. இலையைப் புரட்டினேன். ஓரத்தில் வெள்ளையாக மருந்து படிந்திருந்தது. நடு வரிசையிலும் அதே வெள்ளை.

“பிள்ளை, ஆர் இதுக்கு மருந்து அடிச்சது?”

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “நான்தான் மிஸ். ரெண்டு தரம் அடிச்சேன். பாருங்க, எப்புடி எந்திரிச்சிருச்சு!”

எனக்குக் கோபம் சட்டென்று ஏறும். வாய்க்கு வந்ததைக் கேட்டேன். படித்துப் படித்துச் சொன்னேனே, என்ன காதில் பஞ்சா வைத்திருந்தாய் என்று கத்தினேன். நோயாளி எழும்பிவிட்டால் வைத்தியம் வென்றது போலத்தான். ஆனால் இங்கே நோயாளி எழும்பினால் என் சோதனை செத்தது. நடு வரிசை அதன் பலத்தால் நிற்கிறதா, மருந்தின் பலத்தால் நிற்கிறதா என்று இனி ஆண்டவனுக்கும் தெரியாது. அதையும் சொன்னேன். அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது. கத்தி முடித்தபின்தான், “ஏன் அடிச்சனீர்?” என்று கேட்டேன். அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

“ஒங்க மொகத்தப் பாத்துதான் மிஸ்.”

“என்ர முகத்தில என்ன?”

“நீங்க வந்ததும் நல்லா இருக்கிற கொடிகிட்டப் போறதே இல்ல. நேரா சீக்காளிகிட்டதான் போவீங்க. எலையப் பொரட்டிப் பொரட்டிப் பாப்பீங்க. மொகம் அப்புடியே வாடிப்போவும். போன தடவ கண்ணுகூட கலங்கியிருந்துச்சு. மேல எடத்துல அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, இவங்களுக்கு மனசு கேக்கல, வாயத் தொறந்து சொல்ல முடியலன்னு நெனச்சேன். அதான் ஒங்களுக்குத் தெரியாம அடிச்சு வச்சேன். நீங்க வந்து பாத்து சிரிக்கணும்னு.”

சாயத்தண்ணி கொண்டுவந்தாள், நின்றபடியே குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

இறங்குகிற வழி முழுக்கக் கோபம் என்னோடு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விட்டதே என்று பொருமினேன். தெல்தெனிய அருகில் கோபம் கழன்று, அவள் சொன்னது மட்டும் மிஞ்சியது. கண் கலங்கியிருந்ததாம். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். போன தடவை அந்த வரிசைக்கு முன்னால் நின்றபோது நான் துருவைப் பற்றி நினைக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் தங்கை, நான் ஓய்வு பெறும்போது வந்து ஒரு மாதம் நிற்பேன் என்று சொல்லியிருந்தவள், வரமுடியாது என்று சொன்னாள். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, நியாயமான காரணம். “ஓம், அதுதான் முக்கியம்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மறுநாள் இலையைப் புரட்டிக்கொண்டு, வேலை முடிந்தபின் யாரிடம் போவது என்று யோசித்தேன். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. என் முகத்தை ஒரு மனுஷி சரிவின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்கு மருந்தும் தேடியிருக்கிறாள். ஜீப்பின் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அவரும் நல்ல மனிதர்.

நிலையத்துக்குத் தலைவரான பணிப்பாளரிடம் படங்களைக் காட்டினேன். “அருமையாக இருக்கிறதே, ஓர் இலைகூடப் பழுதில்லை” என்றார் சிங்களத்தில். ஓரத்து வரிசையும் பழுதில்லை, பாருங்கள் என்றேன். புரிந்துகொண்டார். “பரவாயில்லை, அடுத்த போகம் மறுபடி போடுவோம்” என்று சொல்லிவிட்டு, எனக்கு அடுத்த போகம் இல்லை என்பது நினைவுக்கு வந்து, மேசையிலிருந்த பேனாவை நேராக்கினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் கொடி அந்தப் பொய்ப் பச்சையோடு தேறியிருக்கும். ஆனால் அடுத்த மழையில் யாரோ ஒருத்தியின் பயிர் மொத்தமாகப் படுத்திருக்கும். அதற்கு நான் ஆளில்லை.

பிரியாவிடையில் கேக் வெட்டினார்கள். என்னைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள், ஆங்கிலத்தில். எல்லோரும் சேர்ந்து ஒரு ரைஸ் குக்கர் பரிசளித்தார்கள். ஐந்து பேருக்குச் சமைக்கலாம். என் இடத்துக்கு வந்த இளைஞருக்குத் தக்காளியில் பெரிய வேலை காத்திருந்தது. என் விதை குளிர் அறைக்குள் போனது. பார்க்க ஆளில்லாத விதை அங்கே எத்தனையோ வருடம் உயிரோடு கிடக்கும். அதுதான் குளிர் அறையின் சிறப்பு.

யாழ்ப்பாணம் போகலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கே எனக்குத் தெரிந்த வீடுகளில் எனக்குத் தெரியாதவர்கள் இருந்தார்கள். கண்டியிலேயே இருந்துவிட்டேன். காலையில் பழக்கதோஷத்தில் விடியுமுன் எழும்பிவிடுவேன், திறப்பதற்கு மொட்டு இராது. வாவியைச் சுற்றி நடப்பேன். சந்தையில் போஞ்சியை உடைத்துப் பார்ப்பேன், கடைக்காரர் முறைப்பார். ரைஸ் குக்கர் பெட்டியைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தேன். இவ்வளவு தனிமையை நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குப் போன காலத்திலும் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் அப்போது அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மழைக்காலம் பாதி போனபோது ஒரு நாள் தொலைபேசி அடித்தது.

“மிஸ், ஒரு நல்ல சேதி. சீக்காளி வரிசைக்கு நல்லா சீக்கு வந்திருச்சு!”

எனக்கு விளங்கவில்லை. “எந்த வரிசை?”

“நம்ம வரிசைதான். அன்னைக்கு நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்கள்ல, அப்புறம் ரெண்டுலயும் காய முத்தவிட்டு, அடுப்புக்கு மேல பொகையில கட்டித் தொங்கவிட்டேன். மழ தொடங்கவும் அதே எடத்துல, அதே மாதிரி போட்டிருக்கேன். நடுவுல ஒங்களது, ஓரத்துல சீக்காளி. சத்தியமா ஒண்ணும் அடிக்கல. பக்கத்து மூலைக்குக்கூட அடிக்கல, காத்துல வந்துருமேன்னு. சீக்கு நெருப்பு மாதிரி புடிச்சிருக்கு மிஸ். வந்து பாருங்க!”

இவ்வளவு சந்தோஷமாக நோயை அறிவித்த குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. “நாளைக்கே வாறன் பிள்ளை” என்றேன்.

இந்தத் தடவை ஜீப் இல்லை. ஹுன்னஸ்கிரிய வழியாகப் போகும் மகியங்கனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். ரைஸ் குக்கர் பெட்டி மடியில் இருந்தது. பள்ளிக்கூடப் பரீட்சை முடிவு பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பதற்றம் இருந்ததில்லை. இனி நான் அதிகாரி இல்லை, அங்கே என்ன கண்டாலும் எந்தக் கோப்பிலும் ஏறாது. ஆனாலும் தெரிய வேண்டும். அது தாங்குமா, தாங்காதா?

அவள் பாதைக்கே வந்து நின்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள், என்னவென்று கேட்கவில்லை. சாயத்தண்ணி வேண்டாம், பிறகு என்றேன். முதலில் சீக்காளி வரிசை. இலைகள் முக்கால்வாசி கருகி உதிர்ந்திருந்தன. மிஞ்சியவற்றில் தொட்ட இடமெல்லாம் துரு. காய்கள் சூம்பி, செம்பழுப்பாய்க் கிடந்தன. என் வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து ஓர் இலையைத் துடைத்தேன். துணி முழுக்கச் செங்கல் நிறம்.

கைலேஞ்சியின் மறுபக்கத்தை மடித்துக்கொண்டு நடு வரிசைக்குப் போனேன். இலைகளில் சிறு சிறு பொட்டுகள் இருந்தன. துரு நுழைய முயன்று, உள்ளே போக முடியாமல் அங்கேயே காய்ந்துபோன பொட்டுகள். ஒன்றுகூட வெடித்துப் பொடி கொட்டவில்லை. அடியிலிருந்து நுனிவரை காய். ஓர் இலையை மேலும் கீழும் அழுத்தித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு கொடி, இன்னொரு இலை. வெள்ளைதான்.

துணியின் இரண்டு பக்கத்தையும் அவளுக்கு விரித்துக் காட்டினேன்.

“பாஸா மிஸ்?”

“பாஸ்” என்றேன். அவள் கை தட்டினாள், அந்தச் சரிவில் ஒருத்தியின் கைதட்டல். நாய் குரைத்தது. ஒரு காயை முறித்து ஆளுக்குப் பாதி பச்சையாகத் தின்றோம். நிலையத்து இளைஞருக்குச் சொல்வேன், கேட்டால் கேட்கட்டும் என்று நினைத்தேன். தங்கைக்கு இரவு சொல்லலாம். அவசரமில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லியாயிற்று.

அவள் ஓரத்து வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப இனி அதுக்கு அடிக்கலாமா மிஸ்?”

வீட்டு வாசலில், முதுகில் மாட்டி அடிக்கிற தொட்டி மருந்து கலக்கி ஏற்கனவே தயாராக இருந்தது. அந்த வரிசைக்கு இனி எந்த மருந்தும் பிடிக்காது. ஒரு வாரத்தில் வேரோடு காய்ந்துவிடும். அது எனக்குத் தெரியும். அவளும் விவசாயி, அவளுக்கும் தெரியும்.

“அடியும் பிள்ளை” என்றேன். “மூக்கைக் கட்டிக்கொண்டு அடியும்.”

அவள் துணியால் மூக்கைக் கட்டி, தொட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஓர் இலையையும் விடாமல், அடியிலிருந்து நுனிவரை அடித்தாள்.